ஆதனின் பொம்மையும் சேர்வராயன் கல்லும்

தமிழ்ப் புத்தக அட்டைகளில் ‘இளையோர் நாவல்’ என்னும் சொல் இடம்பெறத் தொடங்கிய காலம் மிக அண்மையது. குழந்தைகளுக்கான கதை என்றும் பெரியவர்களுக்கான நாவல் என்றும் இரண்டே அடுக்குகளாக நெடுங்காலம் பிரிந்து கிடந்த தமிழ்ப் பதிப்புலகில், ஏறத்தாழ 12 வயது முதல் 18 வயது வரையிலான வாசகர் எங்கே நிற்பார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படவே இல்லை. அந்த வயதினர் ஒருபுறம் காமிக்ஸையும் மறுபுறம் அக்காவோ அத்தையோ படித்து மடித்து வைத்த வாரப் பத்திரிகைத் தொடர்கதையையும் மாறிமாறிப் படித்து வளர்ந்தார்கள். ஆங்கில உலகில் இந்த வயதினரைத் தனி வாசகராகக் காணும் வழக்கம் நூலகங்களிலிருந்து தொடங்கிற்று. அமெரிக்க நூலகச் சங்கம் 1957-இல் இளம் வாசகர்களுக்கெனத் தனிப் பிரிவை அமைத்தது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, பதின்பருவத்தினருக்கு ஒரு நூல் எழுதித் தருமாறு பதிப்பாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் உர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸி’ வெளிவந்து, மந்திரமும் மாயமும் அந்த வயதின் அச்சங்களைப் பேசுவதற்கு ஏற்ற மொழி என்பதை உறுதிப்படுத்தியது.

இவ்வகை எழுத்தை மிகுபுனைவு என்று தமிழில் குறிக்கலாம். ஃபேன்டசி என்ற சொல்லும் வாசகர்களுக்குப் பழகியதே. நடக்க இயலாத ஒன்று நடப்பதாகக் கொண்டு, அந்த ஒன்றை ஏற்றுக்கொண்டபின் மற்ற அனைத்தையும் நடக்கக்கூடியதன் ஒழுங்கில் சொல்லிச்செல்வது இதன் இலக்கணம். இதற்குள் இரு பெரும் கிளைகள் உண்டு. முழுமையான ஒரு மாற்று உலகத்தை, அதற்குரிய வரைபடம், வரலாறு, மொழி ஆகியவற்றோடு படைப்பது ஒன்று; டோல்கீன் இதனை இரண்டாம் உலகம் என்று அழைத்தார். நாம் வாழும் இதே உலகத்தில், அறிந்த ஒரு தெருவில் அல்லது மலையில், ஏதோ ஓரிடத்தில் ஒரு கதவு திறந்து மாயம் உள்ளே வருவதாக எழுதுவது மற்றொன்று. இரண்டாவது கிளை எளியதுபோலத் தோன்றினாலும் எழுதுவதற்குக் கடினமானது. ஏனெனில் அந்தத் தெருவையும் மலையையும் அறிந்த வாசகர் இருக்கிறார், அவர் சென்று சரிபார்த்துவிட முடியும்.

தமிழில் இந்த இரண்டாவது கிளையில் எழுதி, நாடறிந்த ஏற்பைப் பெற்றவர் உதயசங்கர். அவருடைய ‘ஆதனின் பொம்மை’ என்னும் இளையோர் நாவலுக்கு 2023-ஆம் ஆண்டிற்கான பால சாகித்திய புரஸ்கார் வழங்கப்பட்டது. சாகித்திய அகாதெமி 2010 முதல் இந்திய மொழிகளின் சிறார் இலக்கியத்திற்கு ஆண்டுதோறும் அளித்துவரும் விருது அது.

உதயசங்கர் 1960-இல் கோவில்பட்டியில் பிறந்தவர். கோவில்பட்டி என்றவுடன் வெளியூரார் கடலைமிட்டாயையும் தீப்பெட்டித் தொழிலையும் நினைப்பர். தமிழிலக்கியம் அறிந்தவர்களோ வேறொன்றை நினைப்பர். கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் பிறந்த இடைசெவல் அந்த ஊரிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது. பூமணி, தேவதச்சன், சோ.தர்மன், ச.தமிழ்ச்செல்வன், கோணங்கி என்று ஒரு கரிசல் நகரத்திற்குள்ளும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இத்தனை எழுத்தாளர்கள் உருவானது தற்செயல் என்று தள்ளிவிடக்கூடியதன்று. கடைத்திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பேசிப்பேசியே படித்த, ஒருவர் வாங்கிய புத்தகத்தை ஊரெல்லாம் சுற்றவிட்ட, வீதி நாடகமும் சிற்றிதழும் நடத்திய அந்தச் சூழலில்தான் எண்பதுகளில் உதயசங்கர் சிறுகதை எழுத்தாளராக உருவானார். ‘யாவர் வீட்டிலும்’, ‘நீலக்கனவு’, ‘மறதியின் புதைசேறு’ ஆகிய தொகுப்புகள் பெரியவர்களுக்காக அவர் எழுதியவை. ஏழ்மை, வேலையின்மை, குடும்பத்தின் சிறு மகிழ்ச்சிகள் ஆகியவற்றைத் தணிந்த குரலில் சொல்பவை.

பிழைப்புக்கு அவர் செய்த வேலை ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் பணி. தமிழ் எழுத்தாளர் எழுத்தினால் மட்டும் உண்டு உடுத்து வாழ்வது அரிது என்பதால் ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் இப்படி ஓர் அரசுப் பணியோ வங்கிப் பணியோ ஆசிரியப் பணியோ இருப்பதைக் காணலாம். ஆயினும் நிலைய அதிகாரியின் வேலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒரு வண்டி கடந்துபோனபின் அடுத்த வண்டி வரும்வரை காத்திருப்பதும், அந்த இடைவெளி முழுவதும் விழித்திருப்பதும், கண்ணுக்கெட்டாத தொலைவிலிருந்து வரப்போகும் ஒன்றுக்குக் கொடியோ விளக்கோ ஏந்தி வழிவிடுவதும் அந்த வேலையின் இயல்பு. அதை அவருடைய எழுத்திற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் கதைகளில் காணப்படும் பொறுமைக்கு அது பொருந்திவருகிறது என்று கருத இடமுண்டு.

சிறார் இலக்கியத்தின் பக்கம் அவர் திரும்பியது நெடுநாள் எழுதிப் பழகிய பின்னர்தான். மலையாளத்தில் சிறாருக்கென்று வளமான எழுத்து மரபு இருப்பதை அறிந்து, அம்மொழியிலிருந்து கதைகளையும் நாவல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். மொழிபெயர்ப்பு ஒருவகையில் அவருக்குப் பயிற்சிக் களமாக அமைந்தது. அதன்பின் ‘மாயக்கண்ணாடி’, ‘பச்சை நிழல்’, ‘புலிக்குகை மர்மம்’ எனச் சொந்த ஆக்கங்கள் தொடர்ந்து வந்தன. தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவராகப் பொறுப்பேற்றதும், சிறாருக்கு எழுதுவது ஓய்வு நேர வேலை அல்லது பெரியவர்களுக்கு எழுதி வெற்றி பெறாதவர்களின் புகலிடம் என்னும் எண்ணத்தை எதிர்த்து இடைவிடாமல் பேசிவந்ததும் அவருடைய பணியின் மறுபாதி. அந்த எண்ணம் தமிழுக்கு இழைத்த தீங்கு பெரிது. ஒரு தலைமுறை வாசகர்கள் ஆங்கிலத்தில் மாயக்கதை படித்துவிட்டு, தமிழில் படிக்க ஒன்றுமில்லை என்ற முடிவுடன் தமிழை விட்டு விலகியதில் அதற்கும் பங்குண்டு.

‘ஆதனின் பொம்மை’ சென்னையிலுள்ள வானம் பதிப்பகத்தின் வெளியீடு. விடுமுறைக்குக் கீழடிக்கு வரும் பாலு என்ற சிறுவனும், 2,600 ஆண்டுகளுக்கு முன் அதே மண்ணில் வாழ்ந்த ஆதன் என்ற சிறுவனும் சந்திப்பதே இதன் மையம். காலத்தைக் கடக்கும் பயணம் உலக இலக்கியத்தில் பலமுறை எழுதப்பட்ட கருப்பொருள்தான். இந்த நாவலின் வலிமை அந்தக் கருப்பொருளில் இல்லை. ஆதன் என்ற அந்தப் பெயரில் இருக்கிறது.

அந்தப் பெயர் கற்பனையில் பிறந்ததன்று. மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக்கு அருகில், சிவகங்கை மாவட்டத்துக் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல் என்னும் தென்னந்தோப்பில் இந்தியத் தொல்லியல் துறை 2015-இல் அகழாய்வைத் தொடங்கியது; பின்னர் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதனை ஏற்று நடத்தியது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிமப் பொருள் ஒன்றை அமெரிக்க ஆய்வகத்திற்கு அனுப்பிக் காலம் கணித்தபோது, அது கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று தெரியவந்ததை 2019-இல் வெளியான அரசின் அறிக்கை தெரிவித்தது. அதே அறிக்கை, தமிழி எழுத்துகள் பொறித்த 56 பானையோடுகள் கிடைத்ததையும் குறிப்பிட்டது. தமிழி என்பது தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும், தமிழை எழுதப் பயன்பட்ட மிகப் பழைய எழுத்து. பானை சுட்டு முடிந்தபின் அதன் தோளில் கூர்முனையால் கீறப்பட்ட கோடுகள் அவை. எழுத்தாணி வழுக்கிய இடமும், அழுத்தம் குறைந்து கோடு மெலிந்த இடமும் ஓட்டில் அப்படியே தெரியும். குவிரன், ஆதன் என்னும் பெயர்கள் அந்த ஓடுகளில் படிக்கப்பட்டன. சேர மன்னர்களின் பெயர்களில் வரும் அதே ஆதன், கரூருக்கு அருகிலுள்ள புகளூர்க் கல்வெட்டில் அரசனின் பெயராக நிற்கும் அதே ஆதன், கீழடியில் ஒரு பானைக்குச் சொந்தக்காரனாக நிற்கிறான்.

அரசனாக இல்லாத ஒருவன் தன் சோற்றுப் பானையிலோ தண்ணீர்ப் பானையிலோ தன் பெயரை எழுதி வைத்தான் என்பதே கீழடி சொல்லும் செய்திகளில் மனத்தை மிகவும் தொடுவது. உதயசங்கர் அந்தப் பெயரை எடுத்து ஒரு சிறுவனுக்குச் சூட்டியிருக்கிறார். அகழாய்வில் கிடைத்த சுடுமண் உருவங்களும், ஓடுகளை வட்டமாக உடைத்துத் தேய்த்துச் செய்த சில்லுகளும், ஆட்டக்காய்களும் அங்கே சிறுவர்கள் இருந்ததற்கும் விளையாடியதற்கும் சாட்சிகள். பாண்டி ஆட்டத்திற்கு இன்றும் கிராமத்துப் பெண்பிள்ளைகள் எடுக்கும் சில்லுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு காண்பது கடினம். ஆராய்ச்சியாளர் ‘தொல்பொருள்’ என்று குறித்துவைத்த ஒன்றைக் கதையாசிரியர் மீண்டும் ‘பொம்மை’ ஆக்குகிறார். அந்த ஒரு செயலிலேயே நாவலின் மாயம் பாதி நிகழ்ந்துவிடுகிறது. கீழடியில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது, 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது; நாவலைப் படித்த மாணவர் அங்கே சென்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைப் பார்க்கும்போது, அந்தப் பெயர் அவருக்கு முன்பே அறிமுகமானது.

தமிழில் இளையோருக்கான மாயக் கதை திடீரென்று முளைத்துவிட்டதாக இதனால் கொள்ளக்கூடாது. 1947 முதல் வெளிவந்த ‘அம்புலிமாமா’வின் தொடர்கள், மந்திரவாதிகளும் பாழடைந்த கோட்டைகளும் பேசும் பறவைகளும் நிறைந்த ஓர் உலகத்தைப் பல தலைமுறைகளுக்குப் பழக்கின. அரிமளத்தில் 1925-இல் பிறந்து 2014-இல் மறைந்த வாண்டுமாமா, ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ இதழ்களின் வழியே ஏராளமான மாயக் கதைகளையும் சாகசக் கதைகளையும் எழுதிக் குவித்தார். இன்று ஐம்பது வயதைக் கடந்த தமிழ் வாசகர் பலர் எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து ஊன்றிப் படிப்பதற்கு நகர்ந்தது அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான். ஜெயமோகன் தொண்ணூறுகளின் இறுதியில் ‘தினமணி’யின் சிறுவர்மணியில் எழுதிய ‘பனிமனிதன்’, இமயத்தின் பனிவெளியில் நிகழ்ந்து, சாகசத்தோடு தத்துவத்தையும் சிறுவர்முன் வைத்தது. எஸ்.ராமகிருஷ்ணனின் ‘ஏழுதலை நகரம்’ கற்பனை நகரம் ஒன்றைக் கட்டி எழுப்பியது. இவற்றோடு ஒப்பிடுகையில் ‘ஆதனின் பொம்மை’ தனித்து நிற்பது, பேருந்து ஏறிச் சென்று பார்த்துவரக்கூடிய ஓர் ஊரைத் தன் மாயத்திற்கு அடித்தளமாகக் கொண்டதால்தான்.

இந்த முறையை வாழ்நாள் முழுவதும் பின்பற்றிய ஒருவர் இங்கிலாந்தில் இருக்கிறார். 1934-இல் பிறந்த ஆலன் கார்னர், செஷயர் பகுதியின் ஆல்டர்லி எட்ஜ் என்னும் சிறு மணற்பாறைக் குன்றின் அடியில் வளர்ந்தவர். அந்தக் குன்றிற்குள் ஓர் அரசனும் அவன் வீரர்களும் உறங்குகிறார்கள், மந்திரவாதி ஒருவன் அவர்களைக் காத்துவருகிறான் என்பது அவ்வூரின் பழங்கதை. கொல்லராக இருந்த பாட்டனார் அதனைக் கார்னருக்குச் சொன்னார். 1960-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறது, அதில் வரும் கிணறும் பாறையும் சுரங்கமும் இன்றும் அங்கே இருக்கின்றன. சிறுவனாக இருந்தபோது தன் பள்ளியில் ஆணியில் தொங்கிய பழைய மரத்துடுப்பு போன்ற ஒரு கருவியைக் கார்னர் கண்டிருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் குன்றின் செம்புச் சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்ட அதை, பள்ளி பயனற்றதாகக் கருதிய காலத்தில் கேட்டு வாங்கிப் பாதுகாத்தார். பல பதிற்றாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதன் காலத்தைக் கணித்தபோது அந்த மண்வாரி ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் பழமையானது, வெண்கலக் காலத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் கையாண்டது என்று தெரிந்தது. கதை எழுதியவரும் கருவியைக் காத்தவரும் ஒருவரே என்பதை அருமையான உண்மை என்றே சொல்ல வேண்டும். அவருடைய ‘தி அவுல் சர்வீஸ்’ 1967-இன் கார்னகி பதக்கத்தைப் பெற்றது. 87 வயதில் அவர் எழுதி வெளியிட்ட ‘ட்ரீக்கிள் வாக்கர்’ 2022-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

இதே முறையில் எழுதப்படக் காத்திருக்கும் ஓர் இடத்தைக் காண, கோவில்பட்டியையும் செஷயரையும் கடந்து இப்போது சேலத்திற்கு வடக்கே எழும் மலையைப் பார்க்கலாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் வரும் ஏற்காடு, சுற்றுலாப் பயணிகளுக்கு ஏரி, படகு, காட்சிமுனை, காப்பித் தோட்டம், மே மாத மலர்க் கண்காட்சி என்று ஒரே பகலில் முடிந்துவிடும் ஊர். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பது ஊரார் சொல்லும் பெயர் விளக்கம். அந்த ஊரைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலைத்தொடருக்கு ஆங்கிலேயர் ஷெவராய் என்று பெயர் எழுதினர். மலைக்குப் பெயர் தந்த தெய்வமான சேர்வராயனோ, 5,300 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் உச்சித் திடலில், ஒரு குகைக்குள் காவேரியம்மனுடன் இருக்கிறார்.

மேலே பரந்த புல்வெளியும் நிற்கவிடாமல் தள்ளும் காற்றும் இருக்க, வாயிலில் குனிந்தால்தான் உள்ளே செல்ல முடியும். நாலு எட்டு வைத்தவுடன் காற்றின் ஓசை அறுந்துபோய், ஈரமண்ணின் மணமும் விளக்கெண்ணெயின் மணமும் சூழ்ந்துகொள்ளும். வெளிச்சம் முழுவதும் பின்னால் நின்றுவிட, விளக்கின் சிறு வட்டத்தில் தெய்வங்கள் தெரியும். அந்தக் குகை அத்தோடு முடிந்துவிடவில்லை, மலையின் அடியில் தொடர்ந்து சென்று காவிரி பிறக்கும் இடத்தை எட்டுகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. ஒரு மாயப் புனைவெழுத்தாளர் பல இரவுகள் விழித்திருந்து உருவாக்க வேண்டிய வாயில் இங்கே ஆயத்தமாக இருக்கிறது: குடகில் பிறந்து மேட்டூர் வழியாக இந்த மலைக்கு மேற்கே ஓடும் ஆற்றிற்கும், உச்சியில் இருண்ட பாறை வெடிப்பிற்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதை.

அந்த மலைமக்கள் மலையாளிகள் எனப்படுகிறார்கள். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது; மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பது இங்கே பொருள், பேசுவது தமிழ். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரியவர்களான இவர்கள் சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை, ஜவ்வாது ஆகிய மலைகளில் பரவி வாழ்கின்றனர். தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. அக்கதையின் ஒரு வடிவம் இது: மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்கினான், நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் சென்றார்கள். மூன்று மலைகளுக்கும் மூன்று உடன்பிறப்புகள் என்னும் இந்த அமைப்பு, ஒரு நெடிய நாவலின் எலும்புக்கூடாகவே இருக்கிறது. சின்னண்ணன் சென்ற கொல்லிமலையில் தமிழின் மிகப் பழைய மாயப் பெண்ணான கொல்லிப்பாவை இருக்கிறாள்; பார்ப்பவரை அழகால் மயக்கி வீழ்த்தும் அந்தப் பாவை சங்கப் பாடல்களிலேயே பேசப்படுகிறாள். சின்னண்ணன் அவளைக் கண்டானா என்ற கேள்வியை இதுவரை எந்த நாவலும் கேட்டதாகத் தெரியவில்லையே என்பது இம்மலைகளை நேசிப்பவர்களுக்கு ஓர் ஏக்கமாகவே இருக்கும்.

கீழடியின் பானையோட்டைப் போல, செஷயரின் மண்வாரியைப் போல, சேர்வராயனுக்கும் ஒரு தொல்பொருள் உண்டு. உலோகம் அறியாத புதிய கற்காலத்து மக்கள், கடினமான கல்லை உடைத்து, மணலும் நீரும் இட்டு நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றிக் கோடரி செய்தனர். ஒரு முனை கூம்பியும் மறுமுனை பிறைபோல் விரிந்தும், உள்ளங்கையில் வைத்தால் தண்ணென்றும் இருக்கும் இந்தக் கற்கள் சேர்வராயன் மலையில் அங்கங்கே கிடைத்தன. அவற்றைக் கண்டெடுத்த மலைமக்கள், மனிதர் செய்ததாக எண்ண முடியாத அந்த வழவழப்பில் தெய்வத்தைக் கண்டு, தங்கள் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டனர். 19-ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மரம் வெட்டிய கருவி சாமியாகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்துப் பூவும் பொட்டும் பெற்றது.

இந்தக் கற்களைப் பொருள் புரிந்து பார்த்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த அவர், 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவின் மனித வரலாற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுசென்றார். ஓய்வுபெற்ற பின் அவர் வாழத் தேர்ந்தெடுத்த ஊர் ஏற்காடு. 1912-இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தி ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைக்கப்பட்டது. அவர் ஆயுள் முழுவதும் சேர்த்த கற்கருவிகளையும் பானையோடுகளையும் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. சேர்வராயன் மலைக் கற்களும் அவற்றுள் உண்டு. படகு இல்லத்திலிருந்து திரும்பும் பயணிகளில் மிகச் சிலரே அந்தத் தேவாலயத்திற்குள் எட்டிப்பார்க்கிறார்கள். இந்தியத் தொல்வரலாற்றின் தந்தை என்று போற்றப்படும் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதை ஏற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது யாரேனும் சொல்ல வேண்டும்.

ஏற்காட்டில் பள்ளிகளுக்குக் குறைவில்லை. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியும், அதனினும் பழைய கன்னிமாடப் பள்ளியும் நாடெங்கிலுமிருந்து வந்த பிள்ளைகளை நூறாண்டுக்கும் மேலாகப் படிக்கவைத்துள்ளன. உறைவிடப் பள்ளி, மூடுபனி, மணியோசை, இரவில் எழுந்துவிடும் ரகசியம் என்று ஆங்கில இளையோர் புனைவு விரும்பும் அனைத்தும் அங்கே இருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாவல் எளிதில் எழுதப்பட்டுவிடலாம். எழுதுவதற்கு அரிதானதும் தமிழுக்கு மிகுதியும் வேண்டியதும் மறுபக்கத்திலிருந்து வரும் நாவல்: காப்பிப் பழம் பறிக்கப் போகும் தாய்க்கும் மிளகுக்கொடி ஏறும் தந்தைக்கும் பிறந்து, அரசுப் பள்ளிக்கு நடந்துபோகும் மலையாளிச் சிறுமியின் கண்வழியே சேர்வராயனைக் காண்பது. பெரியண்ணனின் கதையைத் தாத்தாவிடம் கேட்டவள் அவள். கோயிற்கல்லைத் தொட்டால் ஈரமாக இருக்கும் என்று அறிந்தவளும் அவளே.

அத்தகைய நாவலை எழுதுபவருக்கு ஒரு கடமையும் உண்டு. கீழடியின் ஆதன் மறைந்து 2,600 ஆண்டுகள் ஆயின. அவனைப் பற்றி என்ன எழுதினாலும் வந்து கேட்பதற்கு ஒருவர் இல்லை. சேர்வராயனோ இன்றும் வழிபடப்படும் தெய்வம். ஆண்டுத் திருவிழாவில் பல மலைக்கிராமங்களிலிருந்து மக்கள் கூடித் தேரிழுக்கும் சாமி. அவரைக் கதைப்பாத்திரமாக்கும்போது, அந்த மக்கள் படித்துவிட்டு முகம் சுளிக்காத வகையில் எழுத வேண்டும். வெளியிலிருந்து வருபவர் மலையை வெறும் பின்னணித் திரையாக்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. ஆலன் கார்னர் தன் குன்றைவிட்டு அகலாமல், பிறந்த பகுதியிலேயே வீடு வாங்கி 1957 முதல் அங்கேயே இருந்து எழுதியது இதனால்தான் பொருள் பொதிந்ததாகிறது. உதயசங்கர் கீழடியில் பிறந்தவரல்லர். ஆயினும் கரிசல் மண்ணில் பாட்டிமார் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் வைகைக்கரை மண்ணை அந்நியமாக நடத்தவில்லை.

‘ஆதனின் பொம்மை’க்குப் பிறகு தமிழில் இளையோர் நாவலுக்கான இடம் விரிவடைந்துவருகிறது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025-இல் அதே விருதைப் பெற்றது. பாரதி புத்தகாலயத்தின் சிறார் பிரிவும் வானம் போன்ற சிறு பதிப்பகங்களும் இந்த வயதினருக்கென்றே நூல்களைத் தொடர்ந்து அச்சிடுகின்றன. புத்தகக் காட்சிகளில் பெற்றோரை இழுத்துக்கொண்டு தாமே அரங்கு தேடிவரும் பிள்ளைகளைக் காண முடிகிறது. சேர்வராயன் உச்சியில் இப்போதும் குகை வாயிலுக்குள் செல்பவர்களில் சிறுவர்களே முதலில் போகிறார்கள். பெரியவர்களுக்கு முதுகு வளைய வேண்டும். சிறுவர்களுக்கோ அந்தக் குகையின் உயரம் சரியாக இருக்கிறது.